முதல் டூம் ரைடர்: பழைய கட்டுப்பாட்டுக்கு மாறலாமா?

தெம்பனிஸ்வாசி:
1996இல் வெளிவந்த முதல் டூம் ரைடர் காணொளி விளையாட்டை, 2024ஆம் ஆண்டு மறுபதிப்பில் மீண்டும் தொடங்கியிருக்கிறேன். பெருவின் குகைகளைத் தாண்டிவிட்டேன். ஆனால் கேமரா பார்க்கும் திசையை வைத்து நகரும் நவீனக் கட்டுப்பாட்டில் நாயகி லாராவின் தாவல்கள் குறி தவறுகின்றன. லாரா பார்க்கும் திசையை வைத்து நகரும் பழையதற்கு மாறலாமா?

யீஷூன் அன்பர்:
தயங்காமல் மாறுங்கள். அந்த விளையாட்டின் உலகம் முழுவதும் சம அளவுச் சதுரக் கட்டங்களால் ஆனது; பழைய கட்டுப்பாடு அதற்கு ஏற்றது. விளிம்பில் நின்று ஒருமுறை பின்னோக்கித் துள்ளினால், ஓடித் தாவுவதற்குத் தேவையான இடைவெளி சரியாகக் கிடைக்கும்; ஓடத் தொடங்கியதுமே தாவும் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால், லாரா விளிம்பிலிருந்தே எழும்புவாள். இந்தக் கணக்கு பிடிபட்டபின் ஒவ்வொரு பள்ளமும் நிதானமாகத் தீர்க்க வேண்டிய புதிராகிவிடும். என்னைப் பொறுத்தவரை இந்த விளையாட்டின் உயிரே அதுதான்.

பொங்கோல்வாசி:
நானும் வழிமொழிகிறேன். கிரேக்கப் பகுதியில் நெப்டியூன், அட்லஸ், டாமக்கிளீஸ், தோர் அறைகளைத் தேடி அந்த ஆழ்ந்த கூடத்தில் இறங்கும்போது, மேடைக்கு மேடை ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.