ஏட்டுச் சுரைக்காயும் எட்டடிக்கு ஓரடியும்

வெண்ணாற்றங்கரை:
போன வாரம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் புகையான் பற்றி, அதாவது நெல் தண்டில் சாறு உறிஞ்சுகிற பூச்சியைப் பற்றி, கூட்டம் போட்டார்கள். பேச வந்தது பூச்சியியல் படித்த ஒரு பெண், முப்பது வயதுகூட இருக்காது. "யூரியாவை நிறுத்துங்கள், தண்ணீரை வடியுங்கள், கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள், அடுத்த பட்டத்திலிருந்து எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒருவர், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமாம்மா?" என்றார். திடலே சிரித்தது. அந்தப் பெண் பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அன்று சாயந்திரமே கேள்வி கேட்ட மனுஷன் கைபேசியில் எவனோ போட்ட வீடியோவைப் பார்த்து மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடித்தார். முகம் தெரியாதவன் சொன்னால் வேதவாக்கு, படித்துவிட்டு நேரில் வந்து சொன்னால் சுரைக்காய். இது எந்த ஊர் நியாயம்?

மூணு மா:
நியாயம் நான் சொல்கிறேன். எனக்கு இருப்பது பேருக்கு ஏற்ற மாதிரி மூணு மா, அதாவது ஒரு ஏக்கர். அப்பா காலத்தில் இதே மாதிரி படித்தவர்கள்தான் ஜீப்பில் வந்து "உரம் போடு, மருந்து அடி" என்றார்கள். பி.எச்.சி. என்கிற பூச்சி மருந்துப் பொடியை அப்பா வெறும் கையால் தூவினார். 1997-ல் அதையே தடை செய்தார்கள். நேற்று போடு, இன்று போடாதே. எது மாறினாலும் நஷ்டம் எங்களுக்கு, ஒன்றாம் தேதி சம்பளம் அவர்களுக்கு. இப்போது எட்டடிக்கு ஓரடி விடணுமாம். எட்டில் ஒன்றை விட்டுவிட்டு நான் எதை அறுப்பது?

கும்பகோணம் டிகிரி:
எங்கள் ஊரில் காப்பியே டிகிரி வாங்கியிருக்கிறது. மனுஷன் வாங்கினால் மட்டும் ஏன் இந்த எரிச்சல்?

ஆடுதுறைக்காரி:
டிகிரி, கொஞ்சம் சும்மா இருங்கள்.

மூணு மா அண்ணே, போடு என்று சொன்னவர்களும் படித்தவர்கள், போடாதே என்று கண்டுபிடித்தவர்களும் படித்தவர்கள். இந்தோனேசியாவில் அரசே மானியம் கொடுத்து நெல்லுக்கு மருந்து அடிக்க வைத்தது. அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. பூச்சியியல்காரர்கள் வயலில் இறங்கிக் காரணத்தைக் காட்டிய பிறகு, 1986-ல் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை போட்டார்கள்.

காரணத்தை நீங்களே பார்க்கலாம். ஒரு குத்தை, அதாவது ஒரே இடத்தில் நட்ட நெற்பயிர்க் கொத்தை, லேசாகச் சாய்த்து அடித்தண்டில் இரண்டு தட்டு தட்டுங்கள். எள் தூவின மாதிரி பழுப்புப் பூச்சி தண்ணீரில் விழும். விழாதது பக்கவாட்டில் நடந்து தண்டுக்கு அந்தப் பக்கம் ஒளியும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் சிலந்தி தண்ணீர் மேலேயே ஓடி வந்து கவ்வுவதும் தெரியும். கடையில் கொடுக்கிற பைரித்ராய்டு மருந்தை மேலாக அடித்தால் முதலில் சாவது அந்தச் சிலந்திதான். புகையான் அடித்தண்டில் பத்திரமாக இருக்கும், இலையுறைக்குள் செருகிய முட்டையும் பொரியும். அப்புறம்தான் பயிர் வட்டம் வட்டமாகத் தீய்கிறது. "நல்ல மருந்துதான், இந்த வருஷம் பூச்சி ஜாஸ்தி" என்று நாமும் சொல்லிக்கொள்கிறோம்.

ஓரடி இடைவெளி வெயிலும் காற்றும் தூருக்குள் போவதற்கு. ஓரத்துக் குத்து கூடுதலாகத் தூர், அதாவது பக்கத் தண்டு, கட்டும், நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மகசூல் போகாது.

மூணு மா:
இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயா அரசு ஆராய்ச்சி நிலையத்தை உதறிவிட்டு வந்தவர்தானே? அவர் படித்தவர்களை நம்பச் சொன்னாரா? கல்லணை கட்டியவன் எந்தக் காலேஜில் படித்தான்?

வெண்ணாற்றங்கரை:
நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர் அண்ணே. கோவில்பட்டி நிலையத்தில் வேலை பார்த்தவர். உள்ளே இருந்து பார்த்ததால்தான் எங்கே ஓட்டை என்று அவரால் சொல்ல முடிந்தது. இலங்கையைப் பாருங்கள். 2021-ல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். படிப்படியாகச் செய்யுங்கள் என்று வேளாண் பேராசிரியர்கள் கத்தினார்கள், யாரும் கேட்கவில்லை. அந்த நவம்பரிலேயே தடையை எடுத்தும் அரிசியை வெளியில் வாங்கும்படி ஆனது. இயற்கை விவசாயத்தின் பேரையும் சேர்த்துக் கெடுத்தார்கள், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆடுதுறைக்காரி:
கல்லணைக்கு நான் வருகிறேன். ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் நிற்க வைப்பதை அந்தப் பழைய ஆட்களிடம்தான் கற்றோம் என்று வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார். 1836-ல் முக்கொம்பில் மேலணை கட்டியவர் அவர். சர்டிபிகேட் இல்லாவிட்டாலும் கல்லணை கட்டியவன் தொழில் தெரிந்தவன். மணலில் கல்லை எங்கே இறக்குவது என்று திடலில் கைதூக்கச் சொல்லி முடிவு செய்திருக்க மாட்டான்.

கும்பகோணம் டிகிரி:
கைதூக்கச் சொல்லியிருந்தால் திருவையாற்றில் ஒரு கட்சி, திருச்சியில் ஒரு கட்சி, ஆறு நடுவில் ஓடியிருக்கும்.

மூணு மா:
சரி. வீம்புக்குத்தான் இன்று காலையில் இறங்கித் தட்டினேன். பத்துக் குத்து. தூருக்கு மூன்று பூச்சிக்குக் குறையாது. சிலந்தி மொத்தமே இரண்டுதான் பார்த்தேன். உங்கள் கணக்கு என்ன சொல்கிறது?

ஆடுதுறைக்காரி:
தூருக்கு ஒன்று வந்தாலே மருந்து அடிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். உங்களுக்கு இரண்டுமே தாண்டிவிட்டது, அடித்தாக வேண்டும் அண்ணே. பைமெட்ரோசின் அல்லது புப்ரோபெசின், ஏதாவது ஒன்று மட்டும். கலக்க வேண்டாம். முதலில் தண்ணீரை வடியுங்கள், நாசிலைக் கீழே பிடித்து அடித்தண்டு நனைகிற மாதிரி அடியுங்கள்.

மூணு மா:
எங்கே வடிப்பது? வடிவாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. என் வயலும் வாய்க்காலும் ஒரே மட்டத்தில் நிற்கிறது. வரப்பை வெட்டினால் தண்ணீர் உள்ளேதான் வரும். வடியுங்கள் வடியுங்கள் என்று எல்லாரும் சொல்கிறீர்கள், வாய்க்காலுக்கு யார் வைத்தியம் பார்ப்பது? வெண்ணாற்றங்கரை, திடலில் பேசின அந்தப் பெண் எந்த ஆபீஸ் என்று கேட்டுச் சொல்லுங்கள். நேரில் போய் இதையும் கேட்டுவிடுகிறேன்.