பல் மருத்துவ வி.ஆர். சிமுலேட்டரில் பர் எனாமலைத் தொட்டதும் ஹேண்ட்பீஸ் துடிக்கிறது

இடம் கோவை, பி.டி.எஸ். இரண்டாம் ஆண்டு ப்ரீ-கிளினிக்கல் லேப் (நோயாளிகளிடம் போகும் முன் மாணவர்கள் பழகும் இடம்). ஹெட்செட்டுடன் ஃபோர்ஸ் ஃபீட்பேக் கை (பல்லின் எதிர்ப்பை ஹேண்ட்பீஸ் வழியாகக் கையில் உணர்த்தும் இயந்திரக் கை) சேர்ந்த சிமுலேட்டர். மூன்று வாரமாக, 46-ஆம் பல்லில் (கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்) கிளாஸ் 1 கேவிட்டி (மெல்லும் பரப்பில் குழி) எடுக்கையில் 330 பர் (ஹேண்ட்பீஸின் துளையிடும் முனை) எனாமலை (பல்லின் கடினமான மேலுறை) தொட்டதும் ஹேண்ட்பீஸ் 'டர்ர்' என்று துடிக்கிறது. அதன் அடியிலுள்ள மென்மையான டென்டினுக்குள் இறங்கியதும் அடங்கிவிடுகிறது. துடிப்பை அடக்க மாணவர்கள் அழுத்துகிறார்கள், 1.5 மி.மீ.யில் நிற்க வேண்டிய குழியின் தளம் 2.5 வரை போய்விடுகிறது. இந்த அழுத்தம் கையில் பழகிவிட்டால் நோயாளியின் பல்லிலும் அதுவேதான் வரும், அதுதான் பெரிய கவலை.

கேலிபிரேஷன் இரண்டு முறை செய்தாயிற்று. யு.எஸ்.பி. ஹப்பை எடுத்துவிட்டு நேராக மதர்போர்டில் செருகினோம். ஆன்டிவைரஸை நிறுத்தி, கிராஃபிக்ஸ் டிரைவரைப் பழையதற்கு மாற்றியும் பார்த்தோம். பலனில்லை. படம் 90 ஹெர்ட்ஸில் சீராக ஓடுகிறது. ஆனால் 1000 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய ஹாப்டிக் லூப் (கைக்குத் தரும் விசையைத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் சுழற்சி), பர் எனாமலைத் தொடும் நொடியில் 600-க்கு விழுவது லாகில் தெரிகிறது. எனாமலின் விறைப்பு மதிப்பை 30 சதவீதம் குறைத்தால் துடிப்பு நின்றுவிடும். ஆனால் எனாமலுக்கும் டென்டினுக்கும் கையில் வித்தியாசமே தெரியாது, பிறகு எதைச் சொல்லித்தருவது?

விறைப்பைக் குறைக்காமல் லூப்பை 1000-இலேயே நிலைநிறுத்த, லூப்புக்குத் தனி சி.பி.யு. கோர் ஒதுக்குவதா, பல் மாடலின் வோக்சலை (மாடலைக் கட்டும் சிறு கனசதுரம்) பெரிதாக்குவதா: உங்கள் லேபில் எது கைகொடுத்தது?