பாதித் தண்ணீர்தான் மாற்றினேன், காலையில் ஏழு மீன் செத்துக் கிடக்கிறது

பாசித்தொட்டி:

அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 80 லிட்டர் தொட்டி, இரண்டு வருடமாக ஓடுகிறது. எட்டு நியான் டெட்ரா, மூன்று கோரி, இரண்டு மோலி. நாலு மாதமாக வேலை அதிகம் என்பதால் தண்ணீர் மாற்றவே இல்லை, வற்றியதற்கு மட்டும் மேலாக ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் ஒரு மீன்கூடச் சாகவில்லை, நன்றாகச் சாப்பிட்டன.

நேற்று மதியம் மனசாட்சி உறுத்தி, உட்கார்ந்து சுத்தம் செய்தேன். சரளைக்கல்லைக் கிளறி அழுக்கை உறிஞ்சி எடுத்தேன், பாதித் தண்ணீர் மட்டும்தான் மாற்றினேன், ஆன்டி குளோரின் அளவாகப் போட்டேன், தண்ணீரின் சூடும் ஒன்றாகத்தான் இருந்தது. சாயங்காலமே எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்துவிட்டன. புதுத் தண்ணீர் பழக்கமில்லை, சரியாகிவிடும் என்று தூங்கப் போய்விட்டேன். காலையில் ஐந்து டெட்ராவும் இரண்டு கோரியும் போய்விட்டன. மீதி ஆறும் மேலேயே நிற்கின்றன, செவுள் சிவந்திருக்கிறது. உடம்பில் புள்ளி, புண் எதுவும் இல்லை. வீட்டில் மீன் நோய்க்குப் போடும் நீல மருந்து பாட்டில் இருக்கிறது, ஊற்றட்டுமா?

கப்பிக்காரன்:

ஊற்றாதீர்கள்! முதலில் அந்தப் பாட்டிலை மூடி வையுங்கள். ஒரே ராத்திரியில் இரண்டு வகை மீன் சேர்ந்து சாகிறது, உடம்பில் ஒரு அடையாளமும் இல்லை என்றால் நான் நோயைச் சந்தேகிப்பது கடைசியில்தான், தண்ணீரைத்தான் முதலில். நீல மருந்து ஃபில்டரில் இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் கெடுத்துவிடும், இப்போது அதுதான் நமக்கு உயிர்.

இப்போதைக்குச் செய்யவேண்டியது: செத்ததை எல்லாம் வெளியே எடுங்கள், செடிக்கும் மரக்கட்டைக்கும் பின்னால் தேடிப் பாருங்கள், அழுகுகிற ஒரு மீன் போதும் மற்றதைக் கொல்ல. ஏர் பம்ப் முழு வேகத்தில் ஓடட்டும், ஃபில்டர் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குத் தூக்கி மேலே அலை அடிக்கிற மாதிரி வையுங்கள். இரண்டு மூன்று நாளைக்குத் தீனி கிடையாது, பட்டினியில் மீன் சாகாது. விளக்கை அணைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு கேள்வி, ஃபில்டர் ஸ்பாஞ்சை எதில் கழுவினீர்கள்?

பாசித்தொட்டி:

குழாயடியில்தான், நன்றாகப் பிழிந்து பிழிந்து, வெள்ளையாக வரும் வரை. அது தப்பா?

கப்பிக்காரன்:

தப்புதான், அந்த நல்ல பாக்டீரியா போயிருக்கும். ஆனால் அது மட்டும் காரணமாக இருந்தால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா ஏற ஒன்றிரண்டு நாளாவது ஆகும், உங்கள் மீன் சாயங்காலமே மூச்சு வாங்கியிருக்கிறது. இது வேறு ஏதோ.

ஏர்ஸ்டோன்:

நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு அறையில் கொசு ஸ்ப்ரே, பெயின்ட், தரை துடைக்கும் திரவம் ஏதாவது? எனக்கு ஒருமுறை ஒரே இரவில் மொத்தத் தொட்டியும் காலியானது. தண்ணீரைத் தலைகீழாகச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் பார்த்தால் ஏர் பம்ப் பக்கத்து அறையில் இருந்தது, அங்கே நான்தான் கொசு ஸ்ப்ரே அடித்திருக்கிறேன், பம்ப் அந்தக் காற்றை அப்படியே உறிஞ்சித் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது. அந்த மருந்தில் இருக்கும் பைரித்ராய்டு மனிதனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாத அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். அதிலிருந்து பம்ப் இருக்கும் அறையில் எதுவும் அடிப்பதில்லை.

பாசித்தொட்டி:

இல்லை, ஸ்ப்ரே வீட்டிலேயே இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொட்டிக்குள் விட்டேனா என்றும் யோசித்தேன், இல்லை.

மூன்று தொட்டி:

நாலு மாதம், வெறும் மேலூற்று, ஒன்றும் சாகவில்லை, சுத்தம் செய்த அன்றைக்கே சாவு. இந்த வரிசையைப் பார்த்தாலே எனக்கு ஒரு சந்தேகம். எடுத்த பழைய தண்ணீர் கொஞ்சமாவது எங்காவது இருக்கிறதா? இருந்தால் அதையும், தொட்டித் தண்ணீரையும், குழாய்த் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதியுங்கள், அமோனியா, பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) இரண்டும். பட்டைக் காகிதம் வேண்டாம், சொட்டு ஊற்றிப் பார்க்கும் டெஸ்ட் கிட்டாக இருக்கட்டும்.

பாசித்தொட்டி:

பூந்தொட்டிக்கு ஊற்றலாம் என்று ஒரு வாளி வைத்திருந்தேன், நல்லவேளை. நண்பரிடம் கிட் வாங்கிப் பார்த்தேன். வாளித் தண்ணீர்: பிஎச் 6, அமோனியா நிற அட்டையின் கடைசிக் கட்டம், 8. தொட்டி: பிஎச் 7.6, அமோனியா 4. குழாய்: பிஎச் 7.8, அமோனியா 0. எனக்குப் புரியவில்லை. 8 இருந்தபோது உயிரோடு இருந்தது, 4 ஆனதும் செத்ததா?

மூன்று தொட்டி:

ஆமாம், அதேதான். தண்ணீரில் அமோனியா இரண்டு உருவத்தில் நிற்கும். அமிலத் தண்ணீரில் கிட்டத்தட்ட முழுக்க அமோனியமாக இருக்கும், அது மீனை அவ்வளவாகத் தொடாது. காரம் ஏற ஏற அது விஷ அமோனியாவாக மாறும், பிஎச் ஒரு புள்ளி ஏறினால் விஷப் பங்கு சுமார் பத்து மடங்கு. சூடு ஏறினாலும் கூடும். 6லிருந்து 7.6 என்றால் ஏறக்குறைய 40 மடங்கு. மொத்த அமோனியாவை நீங்கள் பாதியாகக் குறைத்தீர்கள், ஆனால் அதில் விஷமாக நின்ற பங்கு 40 மடங்கானது, ஆக மீன் பட்டது பழையதைப் போல 20 மடங்கு. அதுவும் ஒரு மதியத்துக்குள். திடீர் பிஎச் மாற்றமே மீனுக்கு ஓர் அடி, அதன் மேல் இது.

அவ்வளவு அமோனியா எப்படிச் சேர்ந்தது என்று கேட்பீர்கள். ஃபில்டர் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது அமிலம் உண்டாகிறது, தண்ணீரில் இருக்கும் கார்பனேட் அதைத் தாங்கிக்கொள்ளும். மாதக்கணக்கில் மாற்றாவிட்டால் கார்பனேட் தீர்ந்து பிஎச் சரியும், 6 பக்கம் வந்துவிட்டால் அந்தப் பாக்டீரியாவே வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். அமோனியா சேர்ந்துகொண்டே போகும், மீன் ஒன்றும் ஆகாத மாதிரி நீந்தும். பழைய தொட்டிகளில் இது சகஜம். தண்ணீர் மாற்றினால் மீன் சாகும், எங்கள் வீட்டில் மாற்றுவதே இல்லை என்று பெருமையாகச் சொல்பவர்கள் எல்லாம் இந்த ரகம்தான்!

இப்போது என்ன செய்வது: பிஎச்சைத் திரும்பக் குறைக்கிறேன் என்று எலுமிச்சை, வினிகர் எதையும் ஊற்றாதீர்கள், மறுபடி ஊசலாட்டம்தான் மிச்சம். அமோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர் இருக்கிறது, அதைப் போடுங்கள். சாதாரண ஆன்டி குளோரின் எல்லாமே அந்த வேலையைச் செய்யாது, லேபிளைப் படித்து வாங்குங்கள். அது ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும், பெரும்பாலான கிட் அதற்குப் பிறகும் அமோனியா காட்டும், பயப்படவேண்டாம். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். நண்பரின் தொட்டியில் நோயில்லை என்றால் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி உங்கள் ஃபில்டரில் செருகுங்கள், உங்களுடையதைத்தான் துவைத்துக் காயப்போட்டுவிட்டீர்களே. நாளையிலிருந்து நைட்ரைட்டும் பாருங்கள், அமோனியா இறங்கும்போது அது ஏறும். ஏறினால் கொஞ்சம் உப்பு உதவும், அதிலுள்ள குளோரைடு நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும், ஆனால் கோரிக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது, மிகக் குறைவாக.

பாசித்தொட்டி:

பன்னிரண்டாம் நாள். மீதி இருந்த கோரி அன்றைக்கே போய்விட்டது. மூன்று டெட்ரா, இரண்டு மோலி தப்பித்துவிட்டன, சாப்பிடுகின்றன. இன்று அமோனியா 0, நைட்ரைட் 0.25. பிஎச் 7.8லேயே நிற்கிறது. புது மீன் எப்போது விடலாம்? இனிமேல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கப்பிக்காரன்:

நைட்ரைட்டும் 0 ஆகி இரண்டு வாரம் போகட்டும். அப்புறமும் எட்டையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், இரண்டு மூன்றாக விடுங்கள், தனித் தொட்டியில் மூன்று நாலு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு. ஸ்பாஞ்ச் கழுவுவது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில், லேசாக அலசினால் போதும், பழுப்பாக இருந்தால் இருக்கட்டும். சரளையும் ஃபில்டரும் ஒரே நாளில் வேண்டாம்.

மூன்று தொட்டி:

வாரம் ஒருமுறை கால்வாசி. எப்போதாவது மறுபடி மாதக்கணக்கில் விட்டுப்போனால், அன்றைக்குச் சுத்தம் செய்கிற ஆர்வத்தை அடக்கிக்கொண்டு முதலில் பிஎச் பாருங்கள். குழாய்த் தண்ணீரைவிட ஒரு புள்ளி குறைவாக இருந்தால் தினம் பத்துச் சதவீதம், அதற்கு மேல் போகவேண்டாம், அதுவும் அமோனியா பார்த்துவிட்டு.

பாசித்தொட்டி:

சரி. அந்த வாளித் தண்ணீர் இன்னும் அப்படியே இருக்கிறது. செடிக்கு ஊற்றலாமா, அதுவும் விஷமா?

மூன்று தொட்டி:

தாராளமாக ஊற்றுங்கள், செடிக்கு அது உரம்.