பழைய துரியோதனன் வேஷத்தை மறுபடி வரைந்தேன். புதுசில் என்ன குறைகிறது?

மைக்கூடு:

2013-இல் கல்லூரியில் படிக்கும்போது கட்டைக்கூத்து (வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்து) துரியோதனனை வைத்து ஒரு கதாபாத்திரம் வரைந்தேன். கிம்ப் மென்பொருள், கையகல பென் டேப்லெட், அவ்வளவுதான். இப்போது மிச்சம் இருப்பது 900 பிக்சல் அகல ஜேபெக் மட்டும்.

அதில் இல்லாத கோளாறு கிடையாது. நிழல் எல்லாம் பர்ன் டூலால் தேய்த்த கரி. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு. வலது கையைப் பாவாடைக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன் (கை வரைய வராதவர்கள் எல்லோரும் செய்வதுதான்). போதாக்குறைக்கு, கிரீடத்து உச்சியில் ஒரு லென்ஸ் ஃப்ளேர் (கேமராவில் வெயில் பட்ட மாதிரி ஒளித்தெறிப்பு)!

இப்போது வேலையே படம் வரைவதுதான் என்பதால், அதே ஆளைத் திரும்ப வரைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கிருதா என்ற வரையும் மென்பொருளில் ஏ3, 300 டிபிஐ. உடற்கூறு சரியாக வந்திருக்கிறது. கையில் கதாயுதம், விரல்கள் அதைப் பிடித்திருப்பது நம்பும்படி இருக்கிறது. கிரீடம், புஜகீர்த்தி (தோளில் கட்டும் அணி), மார்ப்பதக்கம் எல்லாவற்றிலும் கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக இழைத்தேன். பின்னால் நீல ஒளி, முன்னால் ஆரஞ்சு.

இரண்டையும் அம்மாவிடம் காட்டினேன். புதுசைப் பார்த்து, "நல்லா இருக்குடா, கோயில் சிலை மாதிரி" என்றார். பழைசைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, "இவன்தான் சண்டைக்கு வர்றான்" என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா, இல்லை முதலிலிருந்து தொடங்கவா? இரண்டு படத்தையும் இணைத்திருக்கிறேன்.

தூரிகைதாசன்:

முதலிலிருந்து வேண்டாம். இரண்டு படத்தையும் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, ஆளை மட்டும் முழுக் கறுப்பால் நிரப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் இப்போதுதான் செய்து பார்த்தேன்.

பழைய ஆளின் இடது தோள் ஏறியிருக்கிறது, இடுப்பு எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறது, பாவாடை ஒரு பக்கமாக வீசுகிறது. தலை மட்டும் திரும்பி நம்மை முறைக்கிறது. கோணல்தான், ஆனால் சுழன்று வந்து அப்போதுதான் நின்றவன் என்று தெரிகிறது. புது ஆள் நட்டுவைத்த கம்பம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள்: அணிகலன்களுக்கு மிரர் டூல் (ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கமும் தானே வருவது) போட்டிருக்கிறீர்கள். இடது புஜகீர்த்தியும் வலது புஜகீர்த்தியும் அச்சு அசல். அது கெடக்கூடாது என்று உடம்பையும் நேராக நிறுத்திவிட்டீர்கள்.

இழைத்த வேலையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பழைய ஜேபெக்கைப் பெரிதாக்கி அடியில் மங்கலாகப் போடுங்கள். பிக்சல் உடைந்தால் உடையட்டும், நமக்குத் தேவை சாய்வு மட்டும்தான். அதன்மேல் உடம்பைப் புதிதாக ஸ்கெட்ச் செய்துவிட்டு, கிரீடம் ஒரு குரூப், ஒவ்வொரு புஜகீர்த்தியும் ஒரு குரூப் என்று பிரித்து, டிரான்ஸ்ஃபார்மில் பெர்ஸ்பெக்டிவ் கொடுத்து அந்தச் சாய்வில் உட்கார வையுங்கள். நம்மிடமிருந்து விலகிப் போகும் தோளில் இருப்பது சற்றே சின்னதாக, சற்றே மங்கலாக. அவ்வப்போது எம் விசையைத் தட்டிக் கண்ணாடிப் பிம்பத்தில் பாருங்கள். இல்லையென்றால் கோணல் எங்கே கூடிப்போகிறது என்பது கண்ணில் படாது.

இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரைக் கறுப்பால் நிரப்பி, பிளெண்டிங்கைக் கலர் என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். உங்கள் புதுப் படத்தில் அப்படிப் பார்த்தால் முகம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, சில்லுகள்தான் கண்ணைப் பிடுங்குகின்றன. பழைசில் அந்தக் கரி நிழலுக்கு நடுவில் முகம் பளிச்சென்று நிற்கிறது.

செய்யாறு ராத்திரி:

வரைவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கூத்து நிறையப் பார்த்தவன். உங்கள் சில்லுகள் எல்லாமே ஒரே நேரத்தில் மின்னுகின்றன, அதுதான் எனக்கு உறுத்தியது. அணிகலன் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்குவது. மேலே வண்ணத்தாள், அதன்மேல் கண்ணாடி. ஒவ்வொரு சில்லும் கொஞ்சம் கொஞ்சம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். எதிரே இருட்டில் கூட்டம் உட்கார்ந்திருப்பதால் பெரும்பாலான சில்லில் இருட்டுதான் தெரியும். ஆள் திரும்பும்போது இங்கே நாலு, அங்கே ரெண்டு வெட்டும். அப்புறம் அந்த நீல வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? கூத்துக் களரியில் டியூப்லைட், அந்தக் காலத்தில் பெட்ரோமாக்ஸ். பின்னால் மத்தளமும் ஆர்மோனியமும் வைத்துக்கொண்டு பாட்டுக்காரர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

தூரிகைதாசன்:

@செய்யாறு ராத்திரி, இதைவிடத் தெளிவாக நானும் சொல்லியிருக்க முடியாது அண்ணா. மைக்கூடு, அந்த நீலத்தை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சிவப்பு அரிதாரத்தின் மேல் நீல ஒளி விழுந்து கன்னம் சாம்பலாகிவிட்டது. துரியோதனன் முகத்தில் வேறு எது போனாலும் சிவப்பு போகக்கூடாது. நிழலுக்கும் கறுப்பு வேண்டாம், ஊதா பக்கம் சாய்ந்த அடர்சிவப்பு போதும்.

கோடு_போட்டவன்:

என்னைக் கேட்டால், பழைசை அப்படியே விட்டுவிட்டு வேறு வேஷம் வரையலாம். முன்பு-பின்பு என்று இரண்டையும் ஒட்டிப் போட்டு லைக் வாங்குகிற பழக்கம் வந்த பிறகு எல்லோரும் பழைய படத்தை அசிங்கப்படுத்துவதற்காகவே புதுசு வரைகிறார்கள். திரையை விலக்கிக்கொண்டு கூத்துக் கோமாளி கட்டியங்காரன் வருகிற மாதிரி ஒன்று போடுங்களேன்.

மைக்கூடு:

கட்டியங்காரனும் வருவான், இவன் முதலில் முடியட்டும்.

உடம்பைச் சாய்த்துவிட்டேன், இணைப்பில் பாருங்கள். இடது புஜகீர்த்தி இப்போது காதை உரசுகிறது. சில்லுகளில் பெரும்பகுதியை அடர்பழுப்பால் மூடினேன். இழைத்ததை மூட மனசே வரவில்லை, ஆனால் மூடியதும் கிரீடம் கனமாகிவிட்டது. நீலம் போய், மேலிருந்து விழும் வெள்ளை வெளிச்சம் மட்டும். கேள்வி கண்ணைப் பற்றி: பழைசில் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு. அதையும் கொண்டுவரவா?

தூரிகைதாசன்:

கண்ணின் அளவை மாற்றாதீர்கள், புருவத்தை மாற்றுங்கள். பழைசில் பெரிய கண்ணுக்கு மேலே புருவம் விடைத்து நிற்கிறது, மற்றது இறங்கி இமையை அழுத்துகிறது. அந்த முறைப்பு அங்கிருந்துதான் வருகிறது. சாய்வு நன்றாக இருக்கிறது. பாவாடை மட்டும் இன்னும் தொங்குகிறது, வீசட்டும்.

மைக்கூடு:

புருவம் ஏற்றியாயிற்று. அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. ஏ3-இல் பிரிண்ட் எடுத்தே கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஆர்ஜிபி-யிலேயே (திரைக்கான நிற முறை) அனுப்பலாமா?

செய்யாறு ராத்திரி:

இது எனக்குத் தெரியும், மச்சான் பிரஸ் வைத்திருக்கிறான். திரையில் தெரிகிற சிவப்பு தாளில் வராது, கொஞ்சம் செங்கல் அடிக்கும். முதலில் முகத்தை மட்டும் வெட்டி, அதே தாளில் சின்னதாக ஒன்று அடித்துப் பாருங்கள் தம்பி. அதைப் பார்த்துச் சிவப்பைத் திருத்திக்கொண்டு அப்புறம் முழுசாக அடிக்கலாம்.