கோத்தகிரிச் சரிவில் இளைஞர் மையம்: சமவெளி பிளான் இங்கே ஒத்துவருமா?

தேயிலைமேடு:
வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டிக்கு (படுகர் ஊர்) பொதுவான 20 சென்ட் சரிவு நிலத்தில், 13 முதல் 25 வயது வரை உள்ள பிள்ளைகளுக்காக ஒரு மையம் கட்ட முடிவாகியிருக்கிறது. ஒரே நேரத்தில் 50, 60 பேர் வருவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்க ஓர் அறை, எட்டு கம்ப்யூட்டர், விளையாட ஒரு ஹால். கோயம்புத்தூரிலிருந்து வந்த பிளானில் நடுமுற்றம், காற்றுக்குத் துளை விட்ட ஜாலிச் சுவர், மொட்டை மாடி, ஹாலில் ஷட்டில் கோர்ட் எல்லாம் இருக்கிறது. வெப்பமண்டலத்துக்கு இதுதான் சரி என்கிறார்கள். பின்பக்கம் 3 மீட்டர் மண் வெட்ட வேண்டி வரும். எதையெல்லாம் மாற்றச் சொல்வது?

குன்னூர் சிவில்:
வரைபடத்தில் நாம் வெப்பமண்டலம்தான். ஆனால் 1,800 மீட்டருக்கு மேலே ஜாலிச் சுவர் வைத்தால் காற்றோடு மூடுபனியும் சாரலும் உள்ளே வந்து குடியேறும். முற்றம் ஐப்பசி, கார்த்திகையில் குளம்தான். அதெல்லாம் பிளானில் அழித்து எழுதிவிடலாம். அந்த 3 மீட்டர் வெட்டைத்தான் முதலில் பாருங்கள்.

ஒரே வெட்டாக வேண்டாம். 1.5 மீட்டருக்கு மிகாமல் இரண்டு படியாக வெட்டி, ஹாலை ஒரு மட்டத்திலும் படிப்பறையை இன்னொரு மட்டத்திலும் வையுங்கள். வெட்டிய மண்ணை முன்னால் கொட்டிச் சமன் செய்து, கட்டடம் பாதி வெட்டிலும் பாதி நிரவலிலும் உட்கார்ந்தால், நிரவல் பக்கம் மட்டும் இறங்கும். சேருமிடத்தில் சுவர் குறுக்கே பிளக்கும். அஸ்திவாரம் முழுக்க, கொட்டிய மண்ணைத் தாண்டி, கலையாத இயற்கை மண்ணுக்குப் போக வேண்டும்.

கட்டடச் சுவரையே தாங்குசுவராக்கச் சொல்வார்கள், செலவு குறையும் என்று. ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்த அறை ஆயுளுக்கும் ஈரம் காயாது. தாங்குசுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவில் 1 மீட்டர் சந்து விட்டு, அதில் 100-க்கு 1 சரிவில் வடிகால் ஓடட்டும். சுவரில் 75 மி.மீ. குழாய்த் துளைகள், 1.5 மீட்டருக்கு ஒன்று, மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாற்றி மாற்றி. சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் இடையே வடிகட்டித் துணி. துணி இல்லாவிட்டால் இரண்டு மழையில் செம்மண் கரைந்து துளைகளை அடைத்துவிடும், தண்ணீர் பின்னால் தேங்கி சுவர் வயிறு தள்ளும். வெட்டின் உச்சியில் மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப தனி வாய்க்கால் வேண்டும். செப்டிக் டேங்க் ஊறுகுழி ஒருபோதும் மேட்டில் வேண்டாம்.

ஜேசிபி இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உங்கள் கிராமம் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

வெயில்திசை:
பிள்ளைகள் வருவது பள்ளி, கல்லூரி விட்டு, சாயங்காலம் நாலரை முதல் ஏழு வரை. டிசம்பரில் ஆறு மணிக்கு இருட்டு. அதனால் காலை வெயிலைவிட மதிய வெயிலைப் பிடித்து வைப்பதுதான் முக்கியம். படிப்பறை ஜன்னல் தெற்கோ தென்மேற்கோ பார்க்கட்டும். எதிர்மலை எத்தனை மணிக்கு வெயிலை மறைக்கிறது என்று டிசம்பரில் நிலத்தில் நின்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

நம் ஊரில் டிசம்பர் நடுப்பகல் வெயில் தெற்கே சுமார் 55 டிகிரி உயரத்தில் இருக்கும். தெற்கு ஜன்னலுக்கு 45 செ.மீ. சன்ஷேட் போட்டால் நிழல் 64 செ.மீ. இறங்கும். 1.65 மீட்டர் உயர ஜன்னலில் கீழே 1 மீட்டர் வெயில் உள்ளே விழும். அது விழும் இடத்தில் 10 செ.மீ. கான்கிரீட்டின் மேல் கல் பதியுங்கள், சாயங்காலம் வரை சூடு நிற்கும். இருட்டியதும் கனமான திரை இழுக்காவிட்டால் அந்தச் சூடு கண்ணாடி வழியே போய்விடும்.

அறுபது பேர் மூச்சுவிட்டால் அடைத்த அறையில் சுவர் வியர்க்கும், பிறகு கரும்பூஞ்சை. கூரையோரம் திறந்து மூடும் 15 செ.மீ. உயர வென்டிலேட்டர்கள் எதிரெதிரே போதும். புத்தக அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் 10 செ.மீ. தள்ளி வையுங்கள்.

கொடை கூரை:
மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். ஓடா ஷீட்டா என்பதில் எனக்கு ஷீட்தான். மங்களூர் ஓட்டுக்கு 30 டிகிரி சரிவு வேண்டும், இங்குள்ள 7 மீட்டர் கட்டட உயரக் கட்டுப்பாட்டில் அது இடிக்கும். போதாததற்குக் குரங்கு ஓட்டைப் புரட்டும். ஆனால் வெறும் ஷீட் போட்டால் மழையில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. இரவில் ஷீட் குளிர்ந்து அடியில் நீர் கோத்து சொட்டும், ‘கூரை ஒழுகுது’ என்று மேஸ்திரியைத் திட்டுவார்கள். ஷீட், அடியில் 50 மி.மீ. காற்றிடைவெளி, பிறகு 50 மி.மீ. ராக்வுல் (சூடு, சத்தம் தடுக்கும் கல் இழைப் பஞ்சு), அதன் உட்புறம் நீராவித் தடுப்புத் தாள், கடைசியில் சீலிங் போர்டு. முகட்டிலும் இறவாணத்திலும் காற்று போக வழி வேண்டும். தாளை மாற்றி வைத்தால் ராக்வுல் நனைந்து ஊறும்.

220 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழைக்கு 220 லிட்டர். 2019 ஆகஸ்டில் நம் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது. அதைச் சராசரியாகப் பிரித்தாலே மணிக்கு 7,500 லிட்டர், கொட்டும் நேரத்தில் அதைவிட எவ்வளவோ மேலே. 110 மி.மீ. இறக்குக் குழாய் நாலு மூலைக்கு நாலு வையுங்கள். மழைநீர்த் தொட்டி வைத்தால் அது நிரம்பி வழிவது நேராக வடிகாலுக்குப் போகட்டும், சரிவு மண்ணில் விடாதீர்கள்.

தேயிலைமேடு:
நன்றிங்க. ஷட்டில் கோர்ட்டையும் எடுக்க வேண்டுமா? எடுத்தால் பையன்கள் சண்டைக்கு வருவார்களே?

குன்னூர் சிவில்:
கோர்ட் மட்டும் 13.4 × 6.1 மீட்டர். தூக்கி அடிக்க உள்ளே 7.5 மீட்டராவது தடையில்லாத உயரம் வேண்டும். இங்கே கட்டடத்தின் மொத்த உயரமே 7 மீட்டருக்குள்தான். பந்து சீலிங்கில் பட்டுப் பட்டு ஒரு மாதத்தில் அவர்களே விட்டுவிடுவார்கள். அதே ஹாலில் இரண்டு டேபிள் டென்னிஸ் மேசை போடலாம், ஒன்றுக்கு 9 × 4.5 மீட்டர் இடம் விட்டால் போதும். மடக்கி ஓரம் கட்டினால் கூட்டம் நடத்தவும் ஆகும்.

இன்னொன்று: தின்பண்டம், எண்ணெய், குப்பை எதுவும் ராத்திரி உள்ளே தங்கக் கூடாது. கரடி வாசனை பிடித்து வந்தால் பலகைக் கதவு தாங்காது. சமையல் மூலைக்கு இரும்புக் கதவு போடுங்கள். கழிவறைக்குப் போகும் வழி கட்டடத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஏழு மணிக்குக் காட்டெருமை நிற்கும் வெளி வாசலைத் தாண்டி எந்தப் பெண் பிள்ளையும் போகாது.