“பால் பல் தானே, விழுந்துடும்” – உங்களிடமும் யாராவது இப்படிச் சொன்னார்களா?

துளிர்_அம்மா
சொத்தை எப்படி வருகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் முன்கதை வேண்டாம். மகளுக்கு அப்போது ஐந்து வயது, கீழ்க் கடைவாயில் ஓட்டை. முதலில் பார்த்த டாக்டர் டார்ச்சை அணைத்துக்கொண்டே “பால் பல் தானேம்மா, எப்படியும் விழப்போகுது” என்று சொல்லி, வலி மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கொஞ்ச நாளில் கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தது. அப்புறம் குழந்தைகளுக்கான பல் டாக்டரிடம் போனோம், அவர் எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். பால் பல்லின் வேர்களுக்குக் கீழே, தாடைக்குள், நிரந்தரப் பல்லின் முளை உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சற்று மேலேயே கருப்பாகச் சீழ் கட்டிய இடம். மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அம்மா, எனக்குள்ள இன்னொரு வாய் இருக்கு” என்றாள். முன்பற்கள்தான் 6, 7 வயதில் விழ ஆரம்பிக்கும், பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். இன்னும் ஐந்தாறு வருடம் மெல்ல வேண்டிய பல்லை “விழப்போகுது” என்று சொல்ல எப்படி மனம் வந்தது? பல்லை எடுத்தாகிவிட்டது. பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துவிடாமலிருக்க ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்ற கம்பி போட்டிருக்கிறோம்.

இரட்டையர்_அப்பா
எல்லா டாக்டரையும் அப்படிச் சொல்லிவிட முடியாதுங்க. விழும் நேரம் நெருங்கிய பல்லை நோண்டாமல் விடுவதும் வைத்தியம்தான். எங்கள் பையன்களில் ஒருவனுக்கு மூன்று வயதில் மேல் முன்பற்கள் நான்கும் சொத்தை. ராத்திரி பால் பாட்டிலோடு தூங்குகிற ஆள் (கீழ் முன்பற்கள் தப்பித்துவிட்டன, நாக்கு அவற்றை மூடிக்கொள்கிறதாம்). அந்த வயதில் வாயைத் திறக்க வைப்பதே பெரும்பாடு, டிரில் எல்லாம் நடக்கிற காரியமா? சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற, சொத்தையை நிறுத்தும் மருந்தைத் தடவினார்கள். ஊசி இல்லை, அழுகை இல்லை, சொத்தையும் அதோடு நின்றது, ஆனால் சொத்தை இருந்த இடம் மை பூசியதுபோல் கருத்துப்போனது. கருக்கும் என்று முன்பே சொல்லிக் கையெழுத்தும் வாங்கித்தான் செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறந்தநாள் போட்டோவுக்கு “சிரிங்கடா” என்றேன். ஒருவன் எல்லாப் பல்லையும் காட்டினான், இவன் மட்டும் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு சிரித்தான். வீட்டில் யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஓய்வுபெற்ற_டீச்சர்
என்னுடையது சொத்தை இல்லை, அடி. விளையாட்டு நேரத்தில் எட்டு வயதுப் பையனுக்கு மேல் முன்பல் வேரோடு வந்துவிட்டது. அது நிரந்தரப் பல். நான் ஓடிப் போய்ப் பார்த்தால், உதவிக்கு வந்த ஒருவர் குழாயடியில் அந்தப் பல்லின் வேரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார், அழுக்குப் போகட்டும் என்று. நான் போட்ட சத்தம் இன்னும் அங்கே பேச்சாக இருக்கிறது! வேரின் மேலிருக்கும் உயிருள்ள திசு போனால் பல் மறுபடி ஒட்டுவது கஷ்டம். மேல்பகுதியைப் பிடித்துத் தண்ணீரில் லேசாக அலசி உடனே குழியிலேயே வைக்க வேண்டும், முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள் டாக்டரிடம் ஓட வேண்டும். பால் பல் விழுந்தால் மட்டும் திருப்பி வைக்கக் கூடாது.

நடுராத்திரி_அரட்டை
இரட்டையர் அப்பா, கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? கருப்பின் மேலே பல் நிறத்தில் ஃபில்லிங் வைத்து மறைக்கிறார்கள், கேட்டிருக்கலாமே. என் கதை சின்னது: மகனுக்கு ஆறு வயதில் பல்வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு பல் எட்டிப் பார்த்தது, எதுவும் விழாமல் வந்ததால் வீட்டில் எல்லோரும் அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய கடைவாய்ப் பல். நல்லவேளை, வழக்கமான பரிசோதனையில் பார்த்துப் பள்ளங்களில் சொத்தை வராமல் தடுக்கும் சீலன்ட் பூச்சுப் போட்டார்கள்.

இப்போது படிக்கிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் அளவாவது இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயதுக்குள் ஒரு அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வரை ஒரு பட்டாணி அளவு போதும், விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டாம். துலக்கியதும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு, அதனால் காலையைவிட ராத்திரித் துலக்கல் முக்கியம், அதற்குப் பிறகு பாலும் கூடாது, இனிப்பு சிரப் கொடுக்க வேண்டியிருந்தால் துலக்குவதற்கு முன்பே கொடுங்கள். ஏழு, எட்டு வயது வரை பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும். மாதம் ஒரு தடவை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள், பல்லில் ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகக் கோடு தெரிந்தால் அதுதான் சொத்தையின் ஆரம்பம், அந்தக் கட்டத்தில் திருப்பிவிட முடியும். இன்னொன்று, எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான்...

இரட்டையர்_அப்பா
ஃபில்லிங் கேட்டேன். அவன் வாயைத் திறந்தால்தானே வைப்பார்கள்! இங்கே யாரும் ஆலோசனை கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த உதட்டுக் கோடு விஷயம் மட்டும் தெரியாது, அதற்கு நன்றி.

துளிர்_அம்மா
டீச்சர், அந்தப் பையனின் பல் ஒட்டியதா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே? அப்புறம், ஸ்பேஸ் மெயின்டெய்னர் போட்ட பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இவள் நாக்கால் அந்தக் கம்பியை நெம்பிக்கொண்டே இருக்கிறாள், கழன்று வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.