அங்கீகாரம் இழக்கும் அமெரிக்கக் கல்லூரியிலிருந்து மகள் வேறு கல்லூரிக்கு மாறலாமா?

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு தந்தை):

என் மகள் கலிபோர்னியாவிலுள்ள ஒரு தனியார் கல்லூரியில் எஃப்-1 மாணவர் விசாவில் கணினி அறிவியல் முதுகலை படிக்கிறாள். இரண்டு பருவங்களில் 18 கிரெடிட் முடித்திருக்கிறாள். இன்னும் 18 கிரெடிட் மீதமுள்ளது. அந்தக் கல்லூரியின் அங்கீகாரத்தைத் திரும்பப் பெறுவதென அங்கீகார அமைப்பு முடிவு செய்திருப்பதாகவும், அதை எதிர்த்து மேல்முறையீடு செய்திருப்பதால் வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும் என்றும் நிர்வாகம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. உடன் படிப்பவர்களில் சிலர் காத்திருக்கிறார்கள், சிலர் வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துவிட்டார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கல்விக்கடன் வாங்கியிருக்கிறோம். இப்போது மாறினால் படித்த பாடங்கள் கணக்கில் வருமா, விசாவுக்குச் சிக்கல் வருமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.

பதில் (2022-இல் கல்லூரி மாறியவர்):

ஐயா, மேல்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. 2022 ஆகஸ்டில் ஏசிஐசிஎஸ் என்ற அங்கீகார அமைப்பின் தகுதியையே அமெரிக்கக் கல்வித்துறை நீக்கியது. அதன் கீழிருந்த கல்லூரிகள் வேறு அமைப்பைத் தேடிக்கொள்ள 18 மாதம் கிடைத்தது. எங்கள் கல்லூரியும் அதைச் சொல்லித்தான் எங்களுக்கு ஆறுதல் கூறியது. ஆனால் அந்த அவகாசம் அரசின் கல்வி நிதியுதவி தொடர்பானது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அதனால் பயனில்லை. படிப்புக்குப் பின் வேலை செய்யக் கிடைக்கும் 12 மாத ஓபிடிக்கு மேல், அறிவியல், தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்குக் கிடைக்கும் 24 மாத ஸ்டெம் நீட்டிப்புக்குக் கல்லூரி அதிகாரி பரிந்துரை செய்யும் நாளில் கல்லூரி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆகஸ்ட் 19 முதலே, அத்தகைய கல்லூரிப் பட்டத்தைக் காட்டி அந்த நீட்டிப்பைப் பெற இயலாமல் போயிற்று. எச்-1பி வேலை விசாவில் அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கென ஒதுக்கப்படும் 20,000 இடங்களுக்கும், பட்டம் பெறும் நாளில் கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்தாக வேண்டும். அதுவும் அரசுக் கல்லூரியாகவோ லாப நோக்கமற்ற கல்லூரியாகவோ இருக்க வேண்டும். ஆகவே, மாறும்போதே இந்த இரண்டாவது நிபந்தனையையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. கடனை அடைக்க நீங்கள் நம்பியிருப்பது அந்த வேலை ஆண்டுகளைத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பதில் (ஒரு கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பணியாற்றியவர்):

முன்னவர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பதற்றத்தில் படிப்பை நிறுத்திவிட வேண்டாம். அங்கீகாரம் போவதும், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கக் கல்லூரிக்குக் குடியேற்றத் துறை தந்திருக்கும் அனுமதி போவதும் வெவ்வேறு. அந்த அனுமதி இருக்கும் வரை உங்கள் மகளின் ஐ-20, அதாவது மாணவர் விசாவுக்கு அடிப்படையாகக் கல்லூரி தரும் சான்று, செல்லும். அவர் இந்தப் பருவத்திலும் முழுநேர மாணவியாக வகுப்புகளுக்குச் சென்றுகொண்டே இருக்க வேண்டும். இடையில் நின்றால் எஃப்-1 நிலையே முறிந்து, மாறும் உரிமையும் போய்விடும்.

முதலில் புதிய கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் கையில் வரட்டும். அதன் பின்னரே இப்போதைய கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவிடம், செவிஸ் என்னும் அரசின் வெளிநாட்டு மாணவர் கணினிப் பதிவேட்டிலுள்ள பதிவை மாற்றித் தரும்படி கேட்டு, அதற்கான விடுவிப்பு நாளைக் குறிக்கச் சொல்ல வேண்டும். அந்த நாள் வரை மனம் மாறினால் ரத்து செய்யலாம். கடந்துவிட்டால் பதிவு புதிய கல்லூரியின் கைக்குப் போய்விடும், ஐ-20-ஐ அவர்கள்தான் தருவார்கள். விடுவிப்பு நாளிலிருந்து ஐந்து மாதங்களுக்குள் புதிய கல்லூரியில் வகுப்பு தொடங்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். செவிஸ் கட்டணத்தை மீண்டும் செலுத்தத் தேவையில்லை, கடவுச்சீட்டிலுள்ள விசாவில் பழைய கல்லூரியின் பெயர் இருப்பதும் தடையில்லை.

கிரெடிட் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவை ஏற்பது என்பது முழுக்கச் சேரும் கல்லூரியின் முடிவு. முதுகலையில் பல கல்லூரிகள் 6 முதல் 9 கிரெடிட் வரைதான் ஏற்கின்றன. ஆகவே 18-இல் பாதியையோ அதற்கு மேலுமோ இழக்க நேரலாம். அங்கீகாரம் நடப்பிலிருந்தபோது படித்த பாடங்கள் என்பது அவருக்குச் சாதகம். ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத்தையும் அவர் இன்றே சேமித்து வைக்கட்டும். சேர்க்கைக் குழு பாடத்துக்குப் பாடம் ஒப்பிட்டுப் பார்க்கும்போது மதிப்பெண் பட்டியலைவிட அதுவே பேசும். முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலின் பல படிகளையும் இப்போதே வாங்கிவிட வேண்டும். கட்டண நிலுவையைக் காட்டி அதைத் தர மறுப்பதைக் கலிபோர்னியச் சட்டம் 2020 முதல் தடை செய்கிறது.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. அங்கீகாரம் போனாலும் மாணவர்களை வேறொரு கல்லூரி ஏற்றுப் படிப்பை முடித்துத் தர ஒப்பந்தம் செய்யப்படும் என்று நிர்வாகம் சொல்கிறது. அதை நம்பலாமா?

பதில் (வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பணியாற்றியவர்):

ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால் அது நல்ல வழிதான், ஏனெனில் அதில் கிரெடிட் இழப்பு பெரும்பாலும் குறைவு. ஆனால் ஏற்கும் கல்லூரிக்கும் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதி இருக்க வேண்டும். உள்நாட்டு மாணவர்களை மட்டும் மனதில் வைத்துச் செய்த ஒப்பந்தம் உங்கள் மகளுக்கு உதவாது. கல்லூரியின் பெயரை எழுத்தில் கேளுங்கள். பெயர் சொல்ல மறுத்தால் ஒப்பந்தம் இல்லை என்றே வைத்துக்கொண்டு விண்ணப்ப வேலையைத் தொடருங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்):

ஐயா, கடன் அந்தக் கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும்தான் அனுமதிக்கப்பட்டது. எனவே அடுத்த பருவக் கட்டணம் வங்கியிலிருந்து போவதற்கு முன்பே கிளை மேலாளரிடம் எழுத்தில் தெரிவித்து, அந்தத் தவணையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். புதிய ஐ-20, சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம் ஆகியவற்றைக் கொடுத்தால் அனுமதியைத் திருத்தித் தருவது நடைமுறையில் உள்ளதுதான். படிப்புக்காலம் நீள்வதால், படிப்புக்காலமும் அதன் பின் ஓராண்டும் என்று பல வங்கிகள் தரும் தவணை விலக்குக் காலத்தையும் அதே கடிதத்தில் நீட்டிக்கக் கோருங்கள். கேட்காவிட்டால் பழைய தேதியிலேயே தவணை தொடங்கிவிடும்.